அந்த மரம் மறுவருசம் காய்த்ததா?

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில், ஒரு கல்லூரி அரங்கில் நான் அவ்வையைப் பற்றிப் பேசினேன். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் ‘பழங்குடி மகளிருடன் இணைந்து காட்டு நெல்லி வளர்ப்பும் பதப்படுத்தலும்: மூன்று நாள் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். தமிழ்த்துறையில் வேலை பார்ப்பவளுக்கு அழைப்பிதழ், பதாகை, வரவேற்புரை மூன்றும் கேட்காமலே வந்து சேரும்.

முன்வரிசையில் சத்தியமங்கலம் மலையிலிருந்து வேனில் வந்து இறங்கிய சோளகர் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர்களுக்கு மேலே ‘பயனாளிகள்’ என்று தலைப்பிட்டிருந்தது. மேடையில் இருந்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதவிப் பெயர்கள் இருந்தன. நான் வழக்கமாகப் பேசுவதைப் பேசினேன். அதியமான் அரிய நெல்லிக்கனியை அவ்வைக்குத் தந்தான், அதன் பயனைச் சொல்லாமல் தந்தான், தான் உண்டு நெடுநாள் வாழ்வதைவிடத் தமிழ் வாழ வேண்டும் என்று நினைத்தான். கைதட்டினார்கள். புறநானூற்றின் 91ஆம் பாட்டுக்குக் கைதட்டாத தமிழ் அரங்கை நான் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் குழாயடியில் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன்.

“டீச்சரம்மா, அந்த ராசா மரத்துல ஒரே காய்தான் இருந்துச்சுங்களா?”

“அப்படித்தான் சொல்வாங்கக்கா. ரொம்ப அபூர்வமான காய்.”

“அப்ப அது சீக்கு வந்த மரம். புல்லுருவி ஏறியிருக்கும். யாரும் பாக்கலையா?” கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் கேட்டார்: “அந்த மரம் மறுவருசம் காச்சுதுங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது உண்மையான கேள்வி. பதினெட்டு வருடங்களாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். கொடை, நட்பு, புரவலன்-புலவர் உறவு, வாழ்த்துத் துறை என்று பத்து மதிப்பெண் வினாவுக்கு வேண்டிய எல்லாம் எனக்குத் தெரியும். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று முதல் அந்தப் பாட்டை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பெரிய மலையில், எளிதில் ஏற முடியாத பிளவில் இருந்த கனி அது என்று அவ்வையே பாடுகிறார். பாட்டில் மலை இருக்கிறது, பிளவு இருக்கிறது, ஏறுவதன் அருமை இருக்கிறது. ஏறியவர் மட்டும் இல்லை. தகடூர் அரசனுக்கு எந்தப் பிளவில் எந்த மரம் எந்த மாதத்தில் காய்க்கும் என்று யார் சொல்லியிருப்பார்? அந்த மலையில் பிறந்து வளர்ந்த ஒருவர்தான் சொல்லியிருக்க முடியும். அது ஒரு பெண்ணாகவே இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். பாட்டில் சான்று கிடையாது. ஆனால் சான்று ஏன் இல்லை என்று கேட்பதுதானே பெண்ணியம் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்? கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு. வாங்கியவருக்குப் பெயர் உண்டு. பறித்தவருக்கும் மரத்தைக் காத்தவருக்கும் பெயர் இல்லை. அன்றைய அரங்கிலும் அதே ஏற்பாடுதான் நடந்தது. நான் அதற்கு வரவேற்புரை வாசித்தேன்.

*

முதலில் சொற்களில் இருந்து தொடங்குகிறேன், அது என் தொழில் என்பதால்.

காட்டு நெல்லியை அரசு ‘சிறு வன மகசூல்’ என்கிறது. பெருமகசூல் என்றால் மரம்: தேக்கு, ஈட்டி, சந்தனம். வெட்டி எடுத்துப்போவது பெரிது, வருடா வருடம் தருவது சிறிது. இந்த வரிசையை யார் போட்டிருப்பார்கள் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மாதச் சம்பளம் வருமானம் என்றும், தினச் சமையல் ‘சும்மா இருப்பது’ என்றும் எழுதப்படுகிற கணக்கு இதே கணக்குதான்.

அடுத்த சொல் ‘சேகரிப்பு’. உழவர் பயிரிடுகிறார், பழங்குடிப் பெண் சேகரிக்கிறார். பயிரிடுதலில் அறிவும் உழைப்பும் உண்டு. சேகரித்தல் என்றால் கீழே கிடப்பதைக் குனிந்து எடுப்பது. இந்த ஒரு சொல்லைக் கொண்டு ஒரு சமூகத்தின் வேளாண் அறிவு முழுவதையும் நாம் அழித்துவிட்டோம்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு நான் இரண்டு பருவங்களில் அக்காவுடன் காட்டுக்குப் போனேன். அவர்கள் ‘சேகரிக்கும்’போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததைச் சொல்கிறேன். மரத்தைப் பார்த்ததும் காயைப் பார்ப்பதில்லை, கிளையைப் பார்க்கிறார்கள். புல்லுருவி பற்றியிருந்தால் அந்தக் கொம்பை முதலில் கழிக்கிறார்கள். பிறகுதான் காய். எட்டுகிற கிளையை வளைத்து உலுக்குகிறார்கள். எட்டாததற்கு இளவயதுப் பையனோ பெண்ணோ ஏறுவார்கள். மரத்தின் அடியைச் சுற்றி உண்ணிச்செடி மண்டியிருந்தால் பிடுங்கிவிட்டு நகர்கிறார்கள். கடைசியாக ஒன்று பார்த்தேன்: உச்சிக் கிளைகளில் காய் நிறைய இருக்கும்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“அது யாருக்குக்கா?”

“மானுக்கு. அப்புறம் மறுவருசத்துக்கு.”

இதில் கவித்துவம் எதுவும் இல்லை, வேளாண்மைதான் இருக்கிறது. உதிர்ந்த நெல்லிக்காயைப் புள்ளிமானும் கடமானும் கேளையாடும் தின்கின்றன. அசைபோடும் விலங்குகள் அவை; கொட்டையை வேறோர் இடத்தில் போய்க் கக்குகின்றன. அங்கே கன்று முளைக்கிறது. முதுமலைக் காட்டில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டு நெல்லிக்கு நாற்றங்கால் போடுகிறவை மான்கள். அவற்றுக்குக் கூலியாகக் காயை விட்டுவைப்பவர்கள் இந்தப் பெண்கள். இதற்குச் ‘சேகரிப்பு’ என்று பெயர் வைத்தவர்கள் காட்டில் ஒரு நாள்கூடக் கூடை சுமந்திருக்க மாட்டார்கள்.

*

சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. இங்கே சோளகர் எனப்படுபவர்கள் அங்கே சோளிகர். எல்லைக்கோடு அவர்கள் போட்டதல்ல. நெல்லியைப் பொறுத்தவரை அந்த மலையில் நடந்ததை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோளிகருக்கு ‘தரகு பெங்கி’ என்றொரு வழக்கம் இருந்தது. சருகுத் தீ. கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு மட்டும் எரியும்படி தரையோடு தரையாகச் சிறு தீ வைப்பார்கள். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது. தீ குற்றமானது, மாற்றிட வேளாண்மை குற்றமானது, மக்கள் குடியிருப்புகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். பிறகு உண்ணிச்செடி காடு முழுவதும் ஏறியது. அலங்காரச் செடியாக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது அது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. ‘சருகுத் தீயை நிறுத்தினீர்கள், புல்லுருவி ஏறிவிட்டது’ என்று சோளிகர் சொன்னார்கள். ‘நீங்கள் அளவுக்கு மீறிப் பறிக்கிறீர்கள்’ என்பது அவர்கள்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சோளிகர் சொன்னதைத் தனியாக எடுத்து ஆராயும் அளவுக்கு அதில் பொருள் இருந்தது.

2002இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பேரில், அடுத்த சில ஆண்டுகளில் அந்த மலையில் நெல்லி, தேன், பாசி எதையும் எடுத்து விற்கக் கூடாது என்று தடை வந்தது. அதுவரை சோளிகர் தங்கள் கூட்டுறவுச் சங்கம் மூலம் விற்றுவந்தவை இவை. 2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் சோளிகரின் 25 கிராமசபைகள் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள் மக்கள் அந்த உரிமையை வென்ற முதல் இடம் அது. மனு கொடுத்து, வரைபடம் போட்டு, தங்கள் தெய்வங்கள் இருக்கும் இடங்களைக் குறித்துக் காட்டி வாங்கினார்கள். யாரும் கனி பறித்துக் கையில் கொடுக்கவில்லை.

அளவுக்கு மீறிப் பறிப்பது நடக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கிளையோடு வெட்டிச் சாய்த்துப் பறித்த மரங்களை அக்காவே எனக்குக் காட்டினார். ஆனால் எப்போது நடந்தது என்று பாருங்கள். காட்டின் மகசூலை ஏலம் விட்டு, ஒரு குத்தகைக்காரரிடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைத்தால், அவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. எடைக்குக் கூலி, இந்தப் பருவத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அடுத்த வருடமும் அதே மரத்தடிக்கு வரப்போகிறவர் மட்டும்தான் உச்சிக் கிளையை விட்டுவைப்பார். மரம் யாருடையது என்ற கேள்வியும் மரம் மறுவருடம் காய்க்குமா என்ற கேள்வியும் ஒன்றுதான்.

*

மரம் யாருடையது என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(இ): மரபாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலின் மீது அவர்களுக்கு உடைமை உரிமை உண்டு. சலுகையோ அனுமதியோ அல்ல, உடைமை. 2012இல் திருத்தப்பட்ட விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: விற்பதும், தனியாகவோ கூட்டாகவோ பதப்படுத்துவதும், சேமித்துவைப்பதும், மதிப்புக்கூட்டுவதும், காட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் அந்த உரிமைக்குள் அடங்கும்.

இதே சட்டம் பெண்களைப் பற்றியும் பேசுகிறது. நிலத்துக்கான உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். கிராமசபைக்கு வந்திருப்பவர்களிலும் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இல்லையென்றால் அந்தக் கூட்டம் செல்லாது.

அந்த மூன்று நாள் பயிற்சியில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட உச்சரிக்கப்படவில்லை. பதப்படுத்தும் உரிமை ஏற்கெனவே யாருக்குச் சொந்தமோ, அவர்களையே வரிசையில் உட்காரவைத்து, பதப்படுத்தலை ஒரு கொடையாகக் கொடுத்தோம். சான்றிதழும் கொடுத்தோம். வயல்காரரைக் கூப்பிட்டு ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பட்டாவைப் பற்றி வாய் திறக்காமல் அனுப்புவதற்கு இது சமம். எல்லாருக்கும் மனநிறைவு. மலையில் ஒரு சென்ட் நிலமும் கை மாறவில்லை.

சட்டத்தில் இருக்கிறதே, போதாதா என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இது: கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படும் பெண் கணக்கில் மூன்றில் ஒரு பங்காக இருப்பார், கூட்டத்தில் பூச்சியமாக இருப்பார். எடைபோடும் இடத்தில் நான் பார்த்த நோட்டில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களின் பெயர்கள். தலையில் சுமந்து வந்தவர்கள் பெண்கள். “உங்க பேரு ஏன் இல்லை?” என்று அக்காவிடம் கேட்டேன். “ஊட்டுக்கு ஒரு பேருதானே போடுவாங்க?” என்றார். எந்த வீட்டில், எந்தச் சாதியில், எந்த அலுவலகத்தில்தான் அந்த ஒரு பெயர் பெண்ணுடையதாக இருக்கிறது?

*

இப்போது மறுபடியும் தகடூருக்குப் போக வேண்டியிருக்கிறது. இன்றைய தருமபுரி. அதியமானின் நெல்லியைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் நாம், அதே தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஓர் ஊர் இருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருடம் அந்தப் பெண்கள் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சத்தியமங்கலம் பக்கத்துக் கதையும் நமக்குத் தெரியும். வீரப்பனைத் தேடிய காலத்தில் சோளகர் பெண்களும் ஆண்களும் அனுபவித்ததை ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் நாவலாக நம் முன் வைத்தது.

நெல்லிக்காயைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது எதற்கு? காட்டுக்குள் ஒரு பெண் கூடையோடு நடப்பதற்கு முதலில் தேவைப்படுவது மரம் அல்ல, பயமில்லாத வழி. யானையைப் பற்றிய பயத்தை அவர்கள் எனக்கு விளக்கினார்கள். காற்று எந்தப் பக்கம், சாணம் சூடா ஆறியதா என்று பார்த்துக்கொள்ளலாம். சீருடையைப் பற்றிய பயத்துக்கு அப்படி ஒரு குறிப்பு அவர்களிடம் இல்லை. “கூடையைக் கொட்டிக் காட்டுன்னு சொல்லுவாங்க. கொட்டுவோம். பொறுக்கி மறுக்கப் போட்டுக்குவோம்” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. காட்டின் மீதான உரிமை என்பது பெண்ணுக்குத் தன் உடல் மீதான உரிமையும்தான். இதைப் பேசாமல் நெல்லி மிட்டாய் செய்யச் சொல்லிக்கொடுப்பது, வாச்சாத்திக்குப் பின்னால் வந்த தலைமுறைக்கு நாம் செய்யும் அவமரியாதை.

*

பயிற்சிக்கே வருகிறேன். நெல்லியை இத்தனை நிமிடம் ஆவியில் வேகவை, சுளையைப் பிரி, கொட்டையை எடு, சர்க்கரைப் பாகில் ஊறவை, உலர்த்து. பயிற்றுநர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மாலையில் அக்கா தன் துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார். உப்புப்போட்டு வேகவைத்துப் பாறையில் காயவைத்த நெல்லி வற்றல். பாகு கிடையாது. இரண்டு வருடம் கெடாது என்றார். நான் பதினெட்டு மாதம் வைத்திருந்தேன், கெடவில்லை. ஒரு மூட்டைக் காய் காய்ந்தால் சாக்கின் அடியில் ஒரு மூலைக்கு வரும். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைக் கணக்கிடுங்கள்: காட்டுக்கு நடை, பறிப்பு, சுமை, விறகு, தண்ணீர், பிரிப்பு, பனியிலும் குரங்கிடமிருந்தும் காப்பது. இத்தனையும் கையில் வைத்திருப்பவருக்குத்தான் நாம் மூன்று நாளில் ‘மதிப்பு’க் கூட்டினோம். மதிப்பு ஏற்கெனவே இருந்தது. விலைதான் இல்லை.

2018இல் தொடங்கிய மத்திய அரசின் வன் தன் திட்டத்தில் ஒரு மையத்துக்கு 300 பேர், இருபது பேர் கொண்ட பதினைந்து சுய உதவிக் குழுக்கள் என்று கணக்கு. குழுவாகச் சேர்வது நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் குழுவிடம் காடு இருக்க வேண்டும். காட்டிலிருந்து பெண்ணைப் பிரித்து, கொட்டகைக்குள் உட்காரவைத்து, யாரோ வாங்கிவந்த காயை வெட்டவும் புட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டவும் வைத்தால், அதன் பெயர் அதிகாரம் பெறுதல் அல்ல. உடைமைக்காரி கூலிக்காரி ஆகியிருக்கிறாள்.

புட்டியில் ஒட்டும் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லியை முதன்மைச் சரக்காகக் கொண்டு செய்யும் புகழ்பெற்ற லேகியம் சியவனப்பிராசம். சியவனர் ஒரு கிழ முனிவர். புற்று மூடித் தவமிருந்தவரின் கண்ணை, அது கண் என்று அறியாமல் குத்திவிட்டதற்காக, சுகன்யா என்ற இளம்பெண்ணை அவளுடைய தகப்பன் அவருக்கு மணமுடித்துக் கொடுத்தான். பிறகு அவருக்கு இளமை திரும்பியது. லேகியத்துக்கு அவர் பெயர். சுகன்யாவுக்கு என்ன திரும்பியது? அரசனும் முனிவரும் நெல்லியால் வாழ்ந்த கதைகள் நம்மிடம் இருக்கின்றன. நெல்லி பறிக்கும் பெண்ணின் கதைக்குத்தான் நாம் இன்னும் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை.

ஆண்களின் மீது மட்டும் பழியைப் போட்டு இதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. என் வீட்டுத் திண்ணைக்கு, நான் சிறுமியாக இருந்தபோது, மார்கழி பிறந்ததும் ஒரு மலைக்காரம்மா நெல்லிக் கூடையோடு வருவார். என் அம்மா படிக்கு எட்டணா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசுவார். கடைசியில் ஒரு கை கூடுதலாக அள்ளிக்கொள்வார். தண்ணீர் கேட்டால், வீட்டில் புழங்காத ஓர் ஈயச்சொம்பில் கொடுப்பார். அந்தச் சொம்பு திண்ணை மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அம்மா போட்ட நெல்லிக்காய் ஊறுகாய்க்கு எங்கள் தெருவில் பெயர் உண்டு. அந்த ஊறுகாயைச் சாப்பிட்டுத்தான் நான் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், பெண்ணியக் கவிதை எழுதினேன். என் அம்மாவும் ஒரு பெண்தான், படி அரிசி மிச்சம் பிடித்துக் குடும்பத்தைக் காத்த பெண். கூடைக்காரம்மாவும் ஒரு பெண்தான். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் அந்த ஈயச்சொம்பு இருந்தது. ‘பெண்கள் நாம்’ என்று எழுதும்போதெல்லாம் என் பேனாவுக்கு அந்தச் சொம்பு நினைவுக்கு வர வேண்டும். அவருடைய பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டதே இல்லை.

*

காட்டை விட்டுவிடுங்கள், தோட்டத்தில் நெல்லி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். சத்தியமங்கலம் மலையின் காலடியில், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் பி.எஸ்.ஆர். 1 என்ற நெல்லி ரகம் உருவானது. வடக்கிலிருந்து வந்த என்.ஏ. 7, கிருஷ்ணா, காஞ்சன் போன்ற ரகங்களும் சமவெளித் தோட்டங்களில் காய்க்கின்றன. பெரிய காய், சீரான அளவு. சந்தை அளவுக்குத்தான் காசு கொடுக்கிறது, துவர்ப்புக்கு அல்ல. மலையின் சிறிய காய் அதே தராசில் தோற்கிறது.

வளர்ப்பதற்கு நான் எதிரி அல்ல. தன் குடிசை ஓரத்தில் நான்கு ஒட்டுக்கன்று வைத்துக்கொள்ள அக்காவுக்கும் ஆசைதான். “பட்டா இருந்தா வெப்பேன்” என்றார். கன்று கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு பட்டா கொடுக்கத் தயங்குகிறது. ஒட்டு நெல்லி எப்படி உண்டாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. விதையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றின் தண்டில்தான் உயர்ரக மொட்டை ஒட்டுகிறார்கள். மேலே காய்ப்பது ரகத்தின் பெயரில். கீழே மண்ணைப் பிடித்திருப்பது பெயரில்லாத நாற்று. ரகத்துக்கு எண் கொடுத்த நம் பல்கலைக்கழகங்கள், புல்லுருவி பற்றிய கொம்பை எந்த மாதத்தில் எந்த இடத்தில் கழிக்க வேண்டும் என்று தெரிந்த பெண்ணுக்கு என்ன பெயர் கொடுத்திருக்கின்றன? பயனாளி.

*

கடைசியாக, பதாகையில் நான் எழுதிய அந்த ‘உடன்’. பழங்குடி மகளிருடன் இணைந்து. மூன்றாம் வேற்றுமை. ஒருவர் மற்றொருவரோடு சேர்ந்து ஒரு வினையைச் செய்யும்போது, ‘ஒடு’ என்னும் உருபு அவ்விருவரில் உயர்ந்தவரின் பெயரோடுதான் சேரும் என்பது தொல்காப்பிய விதி. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதுதான் மரபு. அந்த விதியில் இருக்கும் உயர்வு தாழ்வு எனக்கு ஒப்புதல் இல்லாதது. ஆனாலும் என் பதாகையை அந்த இலக்கணத்தில் ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஆசிரியர் அவர்கள். பின்னால் வந்தவர்கள் நாங்கள். தெரியாமல் சரியாக எழுதிவிட்டேன். நடந்துகொண்டதுதான் தவறு.

ஆகவே, இதைப் படிக்கும் தோழிகளுக்கும் என் மாணவிகளுக்கும் சில சொற்கள். பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி என்று அழைப்பிதழ் வந்தால், அவர்களுடைய கிராமசபைக்கு வன உரிமை கிடைத்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், மூன்று நாளையும் அந்த மனுவை எழுதச் செலவிடச் சொல்லுங்கள். பத்திரத்திலும் எடைநோட்டிலும் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டு நெல்லி என்று எழுதிய புட்டியைக் கையில் எடுத்தால், எந்தக் காடு, யார் பறித்தது, விலையை யார் சொன்னது என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டில் ‘சேகரிப்பாளர்’ என்று எழுதும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, ‘நெல்லி உழத்தி’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் நெறியாளர் சிவப்பு மையால் அடிப்பார். அடிக்கட்டும். ஏன் அடித்தீர்கள் என்று கேளுங்கள்.

நான் வாங்கும் வற்றலுக்கு இப்போது விலை சொல்வது அக்காதான். நான் குறைத்துக் கேட்பதில்லை. அது பெருமைப்படும் விஷயம் அல்ல, அம்மா எடுத்த கூடுதல் கைப்பிடிகளின் கடன் அதில் அடையாது.

போன பருவத்துக்குப் புறநானூற்று வினாத்தாள் அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘அதியமானின் கொடைச் சிறப்பை விளக்குக’ என்பதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அக்காவின் கேள்வியை அப்படியே வைத்தேன்: ‘அந்த மரம் மறுவருசம் காய்த்ததா? உம் கருத்தை எழுதுக.’ பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று வினாத்தாள் எனக்கே திரும்பி வந்தது. இந்த வருடமும் அதையே அனுப்பியிருக்கிறேன்.